ஆர்வி ஃப்ரிட்ஜ் வெயில்ல கூல் ஆகலையா? பின்னாடி காத்து வழிய சரி பண்ணி ஃபேன் மாட்டுறது எப்படி

போன வருஷம் ஜூலைல அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. நாங்க இருக்கறது அரிசோனால ஃபீனிக்ஸ் பக்கத்துல சாண்ட்லர். எங்க ஆர்விய, அதாவது தங்கி தூங்கற வசதியோட கார் பின்னாடி இழுத்துட்டு போற ட்ரெயிலர எடுத்துக்கிட்டு லேக் பவல் பக்கம் பேஜ்ங்கற ஊருக்கு நாலு நாள் போயிட்டு வரலாம்னு கிளம்பினோம், அம்மா வழக்கம்போல முத நாளே மாவு அரைச்சு பொங்க வச்சு டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டாங்க, பாலு, தயிரு, தேங்கா சட்னிக்கு அரைச்சது எல்லாம் உள்ளதான். மறுநாள் மத்தியானம் மூணு மணிக்கு ஃப்ரிட்ஜ் கதவ திறந்தா மாவு மறுபடி பொங்கி மூடிய தள்ளிக்கிட்டு வெளிய வந்து கீழ் தட்டு வரைக்கும் வழிஞ்சிருக்கு. தயிர் வாய்ல வைக்க முடியல. தெர்மாமீட்டர் வச்சு பாத்தா 54 டிகிரி ஃபாரன்ஹீட். ஃப்ரிட்ஜ் 40 டிகிரிக்கு (செல்சியஸ்ல 4) கீழ இருக்கணும்ங்கறதுதான் இங்க சொல்ற உணவு பாதுகாப்பு கணக்கு, அதுக்கு மேல ரெண்டு மணி நேரம் இருந்த பால், சமைச்ச சாப்பாடு எல்லாம் தூக்கி போடணும். எல்லாத்தையும் போட்டோம், அம்மா முகத்த பாக்க முடியல.

வந்ததும் முத வேலையா இத சரி பண்ண உக்காந்தேன். மூணு வீக்கெண்ட் ஆச்சு, அதுல ஒரு வீக்கெண்ட் தப்பான இடத்துல ஃபேன் மாட்டி வீணா போச்சு, அந்த தப்ப நீங்க பண்ண வேணாம்னுதான் முழுசா எழுதறேன்.

முதல்ல உங்க ஃப்ரிட்ஜ் எந்த வகைன்னு பாருங்க. கேஸ்லயும் கரண்ட்லயும் ரெண்டுலயும் ஓடுதுன்னா அது அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ், டொமெட்டிக், நார்கோல்ட் ரெண்டு கம்பெனியோடதுதான் பெரும்பாலும் பழைய வண்டிகள்ல இருக்கும். புது ட்ரெயிலர்கள்ல நிறைய 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் வருது, பேட்டரில மட்டும் ஓடும், லேசா உர்ருன்னு சத்தம் வரும், நான் எழுதறது அதுக்கு இல்ல. அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ்ல சத்தமே வராது, ஏன்னா உள்ள மோட்டார் பம்ப் எதுவும் கிடையாது. 1922ல ஸ்டாக்ஹோம்ல பிளாட்டன், முண்டர்ஸ்னு ரெண்டு காலேஜ் பசங்க கண்டுபிடிச்ச முறை, எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி 1925லயே வித்துச்சு, நூறு வருஷம் ஆகியும் அடிப்படை மாறல.

வேலை செய்யற விதம் கொஞ்சம் புரிஞ்சாதான் ஃபேன எங்க வைக்கணும்னு தெரியும், அதனால இத தாண்டி போயிடாதீங்க. ஃப்ரிட்ஜுக்கு பின்னாடி கீழ ஒரு பாய்லர் இருக்கு, அதுக்குள்ள அம்மோனியா கலந்த தண்ணி. கேஸ் தீயோ கரண்ட் ஹீட்டரோ அத சூடு பண்ணுது, அம்மோனியா ஆவியாகி மேல போகுது. மேல போனதும் ஃபின் வச்ச கண்டென்சர், நம்ம பைக் எஞ்சின்ல இருக்கற மாதிரி தகடு தகடா இருக்கும், அங்க சூட்ட விட்டுட்டு திரவமா மாறுது. அந்த திரவம் ஃப்ரிட்ஜ் உள்பக்கம் போய் ஹைட்ரஜன் இருக்கற இடத்துல திரும்ப ஆவியாகும்போது உள்ள இருக்கற சூட்ட உறிஞ்சுது. அதுக்கப்புறம் கீழ இறங்கி வளைஞ்சு வளைஞ்சு வர்ற அப்சார்பர் குழாய்கள்ல தண்ணி அம்மோனியாவ திரும்ப பிடிச்சுக்குது, அப்பவும் சூடு வெளிய வரும். ஆக மேல கண்டென்சர், கீழ அப்சார்பர், ரெண்டு இடத்துலயும் சூடு வெளிய போயே ஆகணும். சூடு போகலைன்னா அம்மோனியா சரியா திரவமாகாது, உள்ள குளிர்ச்சியும் வராது, பாய்லர் மட்டும் பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்.

அந்த சூட்ட எடுத்துட்டு போறது வெறும் காத்து. கீழ ஒரு வென்ட் வழியா வெளிக்காத்து உள்ள வருது, குழாய்கள தடவிக்கிட்டு சூடாகி மேல ஏறி ரூஃப் வென்ட் வழியா வெளிய போகுது, நம்ம ஊர் பழைய அடுப்படி புகைபோக்கி மாதிரியேதான். வெளிய 75 டிகிரி இருக்கறப்ப இது தானா அழகா நடக்கும். 105 டிகிரி வெயில்ல உள்ள வர்ற காத்தே அனலா இருக்கு, கண்டென்சருக்கும் காத்துக்கும் வித்தியாசம் கொறைஞ்சு போச்சு, இழுவையும் கொறைஞ்சு போச்சு. ஃபீனிக்ஸ்ல 2023ல தொடர்ந்து 31 நாள் 110 டிகிரியும் அதுக்கு மேலயும் அடிச்சது, அந்த மாதிரி ஊர்ல இந்த ஃப்ரிட்ஜ் தானா சமாளிக்கும்னு எதிர்பாக்க முடியாது. அதுவும் ஃப்ரிட்ஜ் ஸ்லைடு-அவுட்ல, அதாவது வண்டிய நிறுத்தினதும் வெளிய தள்ளி இடத்த பெருசாக்கற பகுதில இருந்தா இன்னும் மோசம், ரூஃப்ல ஓட்டை போட முடியாதுங்கறதால மேல் வென்ட்டும் பக்கச் சுவர்லயேதான் இருக்கும், மேல ஏறின சூடு வளைஞ்சு வெளிய போகணும், பாதி வளையாம அங்கயே கூரைக்கடியில தேங்கி நிக்கும். எங்களோடது அப்படித்தான்.

இப்ப முக்கியமான விஷயம். நான் முத வீக்கெண்ட்ல பண்ணது என்னன்னா ரெண்டு ஃபேன வாங்கி மேல் வென்ட்ல மாட்டி ஆன் பண்ணிட்டேன், ஃபேன் சூப்பரா ஓடுச்சு, ஃப்ரிட்ஜ்ல ரெண்டு டிகிரிதான் கொறைஞ்சுது. காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது, ஃப்ரிட்ஜ் பின்பக்கத்துக்கும் ட்ரெயிலர் வெளிச்சுவருக்கும் நடுவுல நாலு இன்ச் இடைவெளி விட்டு வச்சிருந்தாங்க. காத்து எப்பவும் சுலபமான வழியிலதான் போகும், குழாய் ஃபின் பக்கம் ஒதுங்காம வெளிச்சுவர ஒட்டி நேரா மேல போயிடுச்சு, என் ஃபேனும் அந்த காத்தைத்தான் இழுத்துக்கிட்டு இருந்துச்சு. வாய்க்கால் உடைஞ்சு கிடக்கறப்ப மோட்டார் போட்டு என்ன பிரயோஜனம், தண்ணி வயலுக்கு போகாது இல்ல, அதேதான். முதல்ல காத்து வழி, அப்புறம்தான் ஃபேன். இந்த வரிசைய மாத்தாதீங்க.

ஃபேனுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

வண்டி மட்டமா நிக்குதான்னு பாருங்க. உள்ள பம்ப் இல்ல, திரவம் எல்லாம் தானா சரிஞ்சு ஓடணும், நிறைய மாடலுக்கு பக்கவாட்டுல 3 டிகிரி, முன்பின் 6 டிகிரிதான் அதிகபட்சம். மட்டம் இல்லாம ரொம்ப நேரம் ஓடினா பாய்லர்ல திரவம் வத்தி, துரு பிடிக்காம இருக்க போட்டிருக்கற சோடியம் குரோமேட் கட்டியாகி குழாய அடைச்சுக்கும், அதுக்கப்புறம் எந்த ஃபேனும் காப்பாத்தாது, கூலிங் யூனிட்டையே மாத்தணும். ஃப்ரீசர் தட்டுல ஒரு சின்ன வட்ட லெவல் வச்சு பாருங்க, போதும்.

கதவு ரப்பர். ஒரு டாலர் நோட்ட கதவு இடுக்குல வச்சு மூடி இழுங்க, லேசா பிடிச்சு இழுக்கணும், சும்மா உருவிக்கிட்டு வந்தா அந்த இடத்துல காத்து உள்ள போகுது. நாலு பக்கமும் பாருங்க.

பர்னர். கேஸ்ல ஓட்டறப்ப தீ நீலமா, நிமிர்ந்து எரியணும். மஞ்சளா தள்ளாடினா துரு விழுந்திருக்கும் இல்ல சிலந்தி கூடு கட்டியிருக்கும். ப்ரொபேன்ல சேக்கற நாத்தத்துக்கு சிலந்தி, குளவி எல்லாம் வரும்னு சொல்வாங்க, சும்மா கத சொல்றேன்னு நினைக்காதீங்க, என் பர்னர் ட்யூப்ல மண்குளவி கூடு இருந்துச்சு, விரல் நகம் அளவுதான், ஆனா தீ பாதியா எரிஞ்சுது. இன்னொண்ணு, 5,500 அடிக்கு மேல உயரத்துல இருந்தா கேஸ் சரியா எரியாது, அங்க ஹூக்கப், அதாவது வண்டிய சொருகற கரண்ட் இணைப்பு இருந்தா கரண்ட்ல ஓட்டுங்க. பேஜுக்கு போற வழியில ஃப்ளாக்ஸ்டாஃப் 7,000 அடிக்கு பக்கத்துல, எங்களுக்கு முத நாளே கொஞ்சம் சூடேறினதுக்கு அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கும்.

இதெல்லாம் சரின்னு ஆனதும் அளந்து எழுதி வைங்க. கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி அதுக்குள்ள தெர்மாமீட்டர் போட்டு நடு தட்டுல வச்சு, ஒரு ராத்திரி முழுக்க விட்டுட்டு காலைல ஆறு மணி, மத்தியானம் மூணு மணி ரெண்டு வேளையும் பாருங்க, கூடவே வெளி சூடும் குறிச்சுக்குங்க. காத்துல தொங்க விட்ட தெர்மாமீட்டர் கதவ திறக்கும்போதெல்லாம் குதிக்கும், அத நம்பி முடிவெடுக்க முடியாது. இந்த கணக்கு இல்லாம பின்னாடி பண்ணின வேலை பலிச்சுதா இல்லையான்னு உங்களுக்கே தெரியாம போயிடும்.

காத்து எங்க போகுதுன்னு கண்ணால பாக்கறது

கேஸ் சிலிண்டர் வால்வ மூடிடுங்க. ஃப்ரிட்ஜ கரண்ட்ல ரெண்டு மணி நேரம் ஓட விடுங்க, பின்பக்கம் நல்லா சூடாகட்டும். வெளிய போய் கீழ் வென்ட் மூடிய கழட்டுங்க, பெரும்பாலும் ரெண்டு திருகுதான், ஒரு காசு வச்சு கால் சுத்து சுத்தினா வந்துடும். மூக்க கிட்ட கொண்டு போய் அம்மோனியா நெடி வருதான்னு பாருங்க, வந்தா இல்ல குழாய்ல மஞ்சப்பொடி படிஞ்சிருந்தா அது லீக், ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணிட்டு ஆள கூப்பிடுங்க, நெருப்பு எதுவும் பக்கத்துல கொண்டு போகாதீங்க, உள்ள ஹைட்ரஜன் இருக்கு. நெடி இல்லைன்னா ஒரு ஊதுபத்திய கொளுத்தி கீழ் வென்ட்டுக்குள்ள பிடிங்க, வயர் இன்சுலேஷன் எதுலயும் படாம.

என்னோடதுல புகை உள்ள போய் ஒரு சாண் ஏறுச்சு, அப்புறம் அப்படியே வெளிச்சுவர் பக்கம் சாஞ்சு நூல் பிடிச்ச மாதிரி நேரா மேல போச்சு, அப்சார்பர் குழாய் பக்கம் ஒரு இழை கூட திரும்பல. கண்டென்சர் கிட்ட டார்ச் அடிச்சு பாத்தா அங்க புகை அசையாம தொங்கிக்கிட்டு நிக்குது. ரெண்டு ரூவா ஊதுபத்தி எனக்கு சொன்ன விஷயத்த வேற எதுவும் சொல்லல.

தகடு வச்சு வழிய மாத்தறது

குழாய் ஃபின்களுக்கும் பின்னாடி இருக்கற சுவருக்கும் நடுவுல ஒரு இன்ச்சுக்கு மேல இடைவெளி இருக்கக்கூடாதுங்கறதுதான் பொதுவா கம்பெனி இன்ஸ்டலேஷன் புக்ல சொல்றது, உங்க மாடல் புக்ல என்ன அளவுன்னு ஒரு தடவ பாத்துக்குங்க. நாலு இன்ச் இருந்தா மூணு இன்ச்ச தகடு வச்சு மறைக்கணும். ஹார்டுவேர் கடைல கிடைக்கற மெல்லிசான அலுமினியம் இல்ல கால்வனைஸ்டு தகடு போதும். ஃபோம், அட்டை, பிளைவுட் இதெல்லாம் பின்னாடி வேணாம், பர்னரும் அதோட புகை போற ஃப்ளூ குழாயும் இருக்கற இடம், தீப்பிடிக்கற எதுவும் அங்க இருக்கக்கூடாது.

தகட்ட வெளிச்சுவரோட உள்பக்கம் மாட்டணும், கீழ் வென்ட்டோட மேல் விளிம்புலேர்ந்து ஆரம்பிச்சு சாய்வா குழாய் பக்கம் தள்ளிக்கிட்டு போய், அதுக்கப்புறம் குழாய்க்கு ஒரு இன்ச் தள்ளி நேரா மேல ஏறணும். மேல ரூஃப் வென்ட் இருந்தா கண்டென்சர தாண்டினதும் வென்ட் வாய் வரைக்கும் புனல் மாதிரி கொண்டு போங்க. பக்கச் சுவர் வென்ட் இருந்தா இன்னொரு தகடு வேணும், ஃப்ரிட்ஜ் உச்சி பின்விளிம்புலேர்ந்து சாய்வா மேல் வென்ட்டோட மேல் விளிம்புக்கு, அப்பதான் சூடு ஃப்ரிட்ஜ் தலைக்கு மேல இருக்கற பொந்துல போய் உக்காராம வெளிய திரும்பும். அந்த பொந்துல கைய விட்டு பாத்தேன், ஃப்ரிட்ஜ் பெட்டியோட மேல் பக்கமே கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, உள்ள கூல் பண்ணி மேல சூடேத்தினா எப்படி நிக்கும்.

ஃப்ரிட்ஜோட ரெண்டு பக்கமும் மேலயும் இருக்கற இடுக்குல காத்து புகாம கண்ணாடி நார் இன்சுலேஷன் வச்சு அலுமினியம் ஃபாயில் டேப் ஒட்டினேன், பர்னர் ஃப்ளூ பக்கம் வராம. அப்படியே ஃப்ரிட்ஜ் பின்பக்கத்துக்கும் நம்ம தூங்கற அறைக்கும் நடுவுல ஓட்டை எதுவும் இருக்கான்னு பாத்து அடைச்சுடுங்க, கேஸ் எரியற புகைல கார்பன் மோனாக்சைடு இருக்கும், ரூஃப் ஃபேன போட்டு ஜன்னல மூடி வச்சா அந்த ஓட்டை வழியா உள்ள இழுத்துடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் டெஸ்ட் பட்டன இன்னிக்கே அழுத்தி பாருங்க, அதோட எக்ஸ்பைரி தேதியும் பாருங்க.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ் ஆஃப், கேஸ் வால்வ் மூடணும், பின்னாடி இருக்கற 120 வோல்ட் பிளக்க உருவணும், பேட்டரி நெகடிவ் கழட்டணும், ரெண்டு மூணு மணி நேரம் ஆற விடணும். தகடு விளிம்பு கைய அறுக்கும், கிளவுஸ் போட்டுக்குங்க. குழாய்ல எங்கயும், திரும்ப சொல்றேன், எங்கயும் டிரில் போடக்கூடாது, ஸ்க்ரூ இறக்கக்கூடாது, வளைக்கக்கூடாது. உள்ள அழுத்தம் ரொம்ப அதிகம், அம்மோனியா மூஞ்சில அடிச்சா கண்ணு போயிடும். தகட்ட சுவர்லயும் மரச்சட்டத்துலயும் மட்டும் பிடிங்க, சுவர்ல இறக்கற ஸ்க்ரூவும் சின்னதா பாத்து போடுங்க, வெளிப்பக்கம் துருத்திக்கிட்டு வந்துடும்.

இந்த தகடு வேலை முடிஞ்சதும் திரும்ப ஊதுபத்தி வச்சேன். இப்ப புகை குழாய்களுக்கு நடுவுல புகுந்து ஃபின் இடுக்கு வழியா போறத பாத்தப்ப வந்த சந்தோஷம் ஃபேன் ஓடினப்ப கூட வரல.

எந்த ஃபேன், எங்க

கம்ப்யூட்டர்ல போடற 12 வோல்ட் ஃபேன்தான், 120 மில்லிமீட்டர் சைஸ் ரெண்டு. வாங்கும்போது பால் பேரிங் இருக்கான்னு பாருங்க, விலை கொறைஞ்ச ஸ்லீவ் பேரிங் சூட்டுல எண்ணெய் காஞ்சு ஒரு சீசன்லயே கத்த ஆரம்பிச்சுடும். தூசி, மழை சாரல் ரெண்டும் அங்க வரும், அதனால ஐபி67னு போட்டது கிடைச்சா கொஞ்சம் காசு கூட போனாலும் அதையே வாங்குங்க. ஒரு ஃபேன் 0.1லேர்ந்து 0.3 ஆம்பியருக்குள்ள இருந்தா போதும், பெரிய ஃபேன் போட்டு சூறாவளி கிளப்ப வேண்டிய அவசியமே இல்ல, பலமா ஊதினா பர்னர் தீ அணைஞ்சுடும்.

இடம் மூணு இருக்கு. கண்டென்சருக்கு அடியில வச்சு மேல் நோக்கி ஊதறது ஒண்ணு, எனக்கு இதுதான் பிடிச்சது, ஃபேனுக்கு கொஞ்சம் குளிர்ந்த காத்து கிடைக்கும், அதனால ஆயுசு கூடும், ஊதற காத்து நேரா ஃபின்ல படும். கஷ்டம் என்னன்னா கைய விட்டு மாட்டறது, தோள்பட்டை வரைக்கும் உள்ள போகணும். ரெண்டாவது கண்டென்சருக்கு மேல, ரூஃப் வென்ட் மூடிய கழட்டி மேலேர்ந்து இறக்கி மாட்டி இழுக்க வைக்கறது. சுலபம், ஆனா ஃபேன் முழு சூட்டுல நிக்கும், அதோட வென்ட் வாய முழுசா ஃபேனால அடைச்சுட்டா ஃபேன் நின்னு போன அன்னிக்கு இயற்கையா போற காத்தும் போகாது, பாதி வாய் திறந்தே இருக்கணும். மூணாவது பக்கச் சுவர் வென்ட்டுக்கு, மேல் வென்ட் கிரில்லோட உள்பக்கம் வெளிய தள்ற மாதிரி. ஸ்லைடு-அவுட் வண்டிக்கு இத தகடோட சேத்து பண்ணினா நல்லா வேலை செய்யும். கீழ் வென்ட்ல வச்சு உள்ள ஊதறத மட்டும் நான் பண்ண மாட்டேன், பர்னர் அங்கயேதான் இருக்கு.

நான் கடைசில கண்டென்சருக்கு அடியில ரெண்டையும் வச்சேன். ஒரு இன்ச் அலுமினியம் ஆங்கிள் ரெண்டு துண்டு வெட்டி, பெஞ்ச்லயே ஃபேன் ரெண்டையும் அதுல போல்ட் போட்டு வயரிங்கும் முடிச்சு, ஒரே பீஸா உள்ள கொண்டு போய் ரெண்டு பக்க மரச்சட்டத்துல ஸ்க்ரூ போட்டேன். ஃபேனுக்கும் ஆங்கிளுக்கும் நடுவுல ரப்பர் வாஷர் போடுங்க, இல்லைன்னா ராத்திரி ங்ஙொய்ன்னு ஒரு சத்தம் சுவர் வழியா கட்டில் வரைக்கும் வரும். ஃபேன்ல எந்த பக்கம் காத்து வரும்னு சட்டத்துல அம்புக்குறி இருக்கும், இல்லைன்னா குறுக்கு கம்பி இருக்கற பக்கம்தான் பெரும்பாலும் காத்து வெளிய வர்ற பக்கம். மாட்டறதுக்கு முன்னாடியே பேட்டரில தொட்டு ஓட்டி டிஷ்யூ பேப்பர் வச்சு பாத்துடுங்க, உள்ள மாட்டின அப்புறம் தலைகீழா இருக்குன்னு தெரிஞ்சா அழுகைதான் வரும்.

வயரிங்

பயப்பட ஒண்ணும் இல்ல. ஃப்ரிட்ஜ் கண்ட்ரோல் போர்டுக்கு வர்ற 12 வோல்ட் லைன் கீழ் வென்ட்டுக்கு பின்னாடியே ஒரு டெர்மினல்ல இருக்கும். மல்டிமீட்டர் வச்சு எது பிளஸ் எது மைனஸ்னு உறுதி பண்ணிக்கிட்டு அங்கேர்ந்து எடுங்க. பிளஸ்லேர்ந்து கிளம்பின உடனேயே, சில இன்ச்சுக்குள்ள, 2 ஆம்பியர் ஃப்யூஸ் ஹோல்டர், அதுக்கப்புறம் ஒரு சின்ன சுவிட்ச், அப்புறம் தெர்மல் சுவிட்ச் (சூடானா தானா ஃபேன ஆன் பண்றது, கீழ சொல்றேன்), அப்புறம் ரெண்டு ஃபேனோட சிவப்பு வயரும் சேத்து. கருப்பு ரெண்டும் சேத்து மைனஸுக்கு. ஃபேன்ல மஞ்ச வயர் நீல வயர் இருந்தா அது வேகம் பாக்க, வேகம் மாத்த, தனித்தனியா டேப் சுத்தி விட்டுடுங்க, ஃபேன் முழு வேகத்துல ஓடும். 18 கேஜ் வயர் தாராளம். வயர முறுக்கி இன்சுலேஷன் டேப் ஒட்டி விடறது வேணாம், வண்டி ஓடற ஆட்டத்துல பிரிஞ்சுடும், கிரிம்ப் கனெக்டர் போட்டு ஹீட் ஷ்ரிங்க் சுருக்கிடுங்க. ஃப்ளூ குழாய்லேர்ந்து எல்லா வயரையும் தள்ளி கட்டுங்க. சில மாடல்ல கம்பெனியே ஃபேனுக்கு கனெக்ஷன் குடுத்திருப்பான், புக்க பாத்துட்டு ஆரம்பிங்க. ஓவர்ஹீட் ஆனா ஃப்ரிட்ஜ நிறுத்தற சென்சர் ஒண்ணு பின்னாடி இருக்கும், அத எந்த காரணத்துக்கும் கழட்டாதீங்க, பைபாஸ் பண்ணாதீங்க, அது வண்டி தீப்பிடிக்காம பாத்துக்கறது.

தெர்மல் சுவிட்ச்னு சொன்னது பட்டன் சைஸ்ல இருக்கும், கேஎஸ்டி301னு கேட்டா கிடைக்கும். ரெண்டு வகை இருக்கு, சூடானா இணையறது, சூடானா பிரியறது. நமக்கு வேண்டியது நார்மலி ஓப்பன், சூடானா இணையறது. எத்தன டிகிரில வாங்கறதுங்கறதுல ஒரு விஷயம் இருக்கு, பல பேர் 40 டிகிரி செல்சியஸ் வாங்குவாங்க, குளிர் ஊருக்கு அது சரி, எங்க ஊர்ல கோடைல வெளிக்காத்தே 43, 45 போகும், அப்ப ஃப்ரிட்ஜ் ஆஃப்ல இருந்தாலும் ஃபேன் பாட்டுக்கு ஓடி பேட்டரிய காலி பண்ணும். நான் 50 டிகிரி போட்டேன். அத கண்டென்சரோட முத ஃபின்ல கிளிப் வச்சு ஒட்டி உக்கார வைக்கணும், ஸ்க்ரூ வேணாம்னு ஏற்கனவே சொல்லிட்டேன். குளிர் காலத்துல இது தானா ஃபேன நிறுத்தி வச்சுக்கும், அதுவும் வேணும்.

பேட்டரிக்கு ஹூக்கப் இல்லாத இடத்துல எவ்வளவு செலவாகும்னா, ஃபேன் ஒவ்வொண்ணும் 0.2 ஆம்பியர்னா ரெண்டுக்கும் 0.4, ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடினா 5.6 ஆம்பியர் அவர். 100 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் பேட்டரில பாதிய தான் எடுக்கணும்னு வச்சுக்கிட்டா கூட 50ல 5.6, பெரிய பாரம் இல்ல, கூரைல ஒரு சோலார் பேனல் இருந்தா அந்த வெயிலே இந்த கணக்க முடிச்சுடும்.

உள்பக்கமும் கொஞ்சம்

பின்னாடி சூடு போனாலும் உள்ள குளிர் பரவணும். உள்ள பின்சுவர்ல இருக்கற அலுமினியம் ஃபின்ன ஒட்டி பாத்திரம் அடுக்காதீங்க, நம்ம வீடுகள்ல டப்பா மேல டப்பா வச்சு காத்து போக வழியே இருக்காது. பேட்டரில ஓடற சின்ன ஃப்ரிட்ஜ் ஃபேன் ஒண்ணு கீழ் தட்டுல வச்சா மேலயும் கீழயும் ஒரே அளவு வரும். ஃபின்ல ஒரு வெள்ளை கிளிப் மாட்டியிருக்கும், அது தெர்மிஸ்டர், உள்ள எவ்வளவு சூடுன்னு பாக்கற சென்சர், பொதுவா மேல நகர்த்தினா இன்னும் கூல் ஆகும், கீழ நகர்த்தினா கொறையும், கால் இன்ச் நகர்த்திட்டு ஒரு நாள் பொறுத்து பாருங்க. சாம்பார சூடா உள்ள வைக்காதீங்க. கிளம்பறதுக்கு முந்தின நாளே வீட்டு கரண்ட்ல போட்டு 24 மணி நேரம் ஓட விட்டு, வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஏற்கனவே குளிர்ந்த சாமான மட்டும் ஏத்துங்க.

எல்லாம் முடிஞ்சு ஆகஸ்ட்ல வீட்டு வாசல்லயே நிறுத்தி அதே டம்ளர் தண்ணி டெஸ்ட் பண்ணேன், வெளிய 108 டிகிரி. தகடு மட்டும் வச்சு ஃபேன் ஆஃப்ல மத்தியானம் மூணு மணிக்கு 46. மறுநாள் கிட்டத்தட்ட அதே வெயில்ல ஃபேன் ஆன்ல 39. காலைல 35. வேலை முடிஞ்ச உடனே பாத்துட்டு ஒண்ணும் ஆகலையேன்னு நினைக்காதீங்க, இந்த ஃப்ரிட்ஜ் எல்லாமே மெதுவா தான் பண்ணும், ஒரு முழு நாள் விட்டுத்தான் நம்பரு எடுக்கணும்.

செப்டம்பர்ல அம்மா ஊருக்கு கிளம்பறதுக்கு முந்தின வாரம் திரும்ப பேஜுக்கே போனோம், அதே மாவு டப்பா, மூணாவது நாள் காலைல அதுல இட்லி ஊத்தினாங்க, புளிக்கவே இல்ல.

வருஷா வருஷம் ஏப்ரல்ல, வெயில் ஏர்றதுக்கு முன்னாடி, கீழ் வென்ட்ட திறந்து ஃபேன் ரெண்டையும் விரலால ஒரு தட்டு தட்டி சுத்துதான்னு பாருங்க, தூசிய பிரஷ்ல எடுங்க, தகட்டு டேப் பிரிஞ்சிருந்தா ஒட்டுங்க, ஹேர் டிரையர தெர்மல் சுவிட்ச் கிட்ட காட்டி ஃபேன் ஆன் ஆகுதான்னு பாருங்க. மேல் வென்ட்ல கொசுவலை போட்டிருந்தா அதுல தூசி அடைச்சு காத்தே போகாம இருக்கும், அத கழுவி மாட்டுங்க.